“லைன் கோளாறு இல்லீங்க... நாக்கு கோளாறு!”

முதியவர் உயிரைக் காப்பாற்றிய கண் தெரியாத டெலிபோன் ஆபரேட்டர்

கோவை,-

காலை மணி 7. தொண்டாமுத்தூர் சாலையை ஒட்டிய ஒரு முதியோர் குடியிருப்பு. ஆபீசில் டெலிபோன் கிணுகிணுத்தது.

பேசியவர் 81 வயது பெரியவர். ஓய்வு பெற்ற பேங்க் மானேஜர்.

“தம்பி, சவரன் விலை சொல்ல மறந்துட்டேன்...” என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை குழறியது. எண்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொண்டு வந்தன.

ரிசீவரைப் பிடித்திருந்த ஆபரேட்டர் திடுக்கிட்டார். “ஐயா, இன்னொரு தரம் சொல்லுங்க” என்றார். மறுபடியும் அதே குழறல்.

உடனே பக்கத்தில் இருந்த சூப்பர்வைசரைப் பார்த்து, “ஐயா குரல் சரியில்லீங்க. ஆம்புலன்சைக் கூப்பிடுங்க!” என்று கத்தினார்.

சூப்பர்வைசர் நம்பவில்லை. “லைன் சரியில்லாம இருக்கும். இல்லாட்டி பல்செட் போட்டிருக்க மாட்டார்” என்றார்.

“லைன் கோளாறு வேறீங்க, நாக்கு கோளாறு வேறீங்க. அவருக்குச் சொந்தப் பல்லு. ஓடுங்க!”

சூப்பர்வைசர் ஓடினார். கதவைத் திறந்தார். பெரியவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வாய் கோணி இருந்தது. வலது கை தொங்கியது. மடியில் பேப்பர்.

பக்கவாதம்!

இந்த ஆபரேட்டருக்கு இரண்டு கண்ணும் தெரியாது என்பதுதான் விசேஷம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

தட்டம்மையில் போன கண்

ஆபரேட்டருக்கு வயது 54. நாலு வயதில் தட்டம்மை கண்டது. பார்வை போய்விட்டது. பிரெய்ல் படித்தார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தார். டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி முடித்தார்.

அந்தக் காலத்தில் பார்வை இல்லாதவர்களுக்கு உருப்படியான வேலை என்றால் இந்த வேலைதான். பேங்க், மில், அரசாங்க ஆபீஸ் எங்கும் போர்டுக்கு ஓர் ஆபரேட்டர் வேண்டும். குரலும் ஞாபகசக்தியும் இருந்தால் போதும். கோவையில் ஒரு நூல் மில் ஆபீசில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான நம்பர்கள் மனப்பாடம்.

பிறகு ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. ஆள் தேவை இல்லை என்று அனுப்பி விட்டார்கள்.

லாட்டரி டிக்கெட் விற்றார். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரிக்குத் தடை போட்டது. அந்தப் பிழைப்பும் போனது. அப்புறம் ரெயிலில் ஊதுபத்தி விற்றார். மனைவி, மகள், வாடகை வீடு. வருடங்கள் ஓடின.

“ஊதுபத்தி வேணாம், காச வெச்சுக்கோன்னு நிறையப் பேர் சொல்லுவாங்க. அதுதாங்க வலிக்கும். பொருள எடுக்காம காசு குடுத்தா அது பிச்சைதானுங்களே” என்கிறார்.

“திருடன் வந்தால் எப்படிப் பார்ப்பார்?”

8 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் குடியிருப்பில் டெலிபோனுக்கு ஆள் தேடினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாலும் வயதான தம்பதிகள், தனி ஆட்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருப்பார்கள். தினமும் காலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, “எந்திரிச்சாச்சுங்களா? நல்லா இருக்கீங்களா?” என்று கேட்க வேண்டும். இதுதான் வேலை.

மானேஜர் இவரை வரச் சொன்னார். குடியிருப்போர் கூட்டத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. “மாசாமாசம் பராமரிப்புப் பணம் கட்டறோம். கண் தெரியாதவரை உட்கார வெச்சா என்ன அர்த்தம்? திருடன் வந்தா எப்படிப் பார்ப்பார்?” என்று கேட்டார்கள்.

“திருடனைப் பார்க்கக் கேட்டில் வாட்ச்மேன் இருக்கார். இது பேசற வேலை. 3 மாசம் பாருங்க” என்றார் மானேஜர்.

ஒரே மாதத்தில் எல்லார் குரலும் இவருக்கு அத்துப்படி. யாருக்குத் தூக்கம் இல்லை, யாருக்குச் சளி, யார் ராத்திரி சாப்பிடவில்லை என்று குரலிலேயே சொல்லி விடுவார்.

“நல்லா இருக்கேன்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க. எப்படிச் சொல்றாங்கங்கறதைத்தான் கேக்கோணும்” என்பது இவர் கணக்கு.

காது மந்தமானவர்களிடம் மற்ற ஊழியர்கள் கத்துவார்கள். இவர் கத்த மாட்டார். வயதானால் முதலில் கேட்காமல் போவது கீச்சுக் குரல்தான். கத்தினால் குரல் இன்னும் கீச்சாகும். தணிந்த குரலில் நிறுத்தி நிதானமாகப் பேசினால் புரியும். இதை யாரும் இவருக்குச் சொல்லித் தரவில்லை. பேசிப் பேசியே தெரிந்து கொண்டார்.

பல்செட் கலாட்டா

இவரும் ஒரு தரம் ஏமாந்தது உண்டு. சேர்ந்த புதிதில் ஓர் அம்மாள் காலையில் குழறிப் பேசினார். இவர் பதறிப்போய் நர்சை அனுப்பினார். அங்கே அந்த அம்மாள் பல்செட்டைக் கழுவிக் கொண்டிருந்தார்!

குடியிருப்பு முழுவதும் ஒரே சிரிப்பு. அன்று முதல், “பல்செட் போட்டாச்சுங்களாம்மா?” என்று கேட்ட பிறகுதான் மற்றப் பேச்சு. யாருக்குப் பல்செட், யாருக்குச் சொந்தப் பல் என்பதும் மனப்பாடம் ஆனது. பேங்க் மானேஜருக்கு ஆபத்து வந்தபோது கை கொடுத்தது இந்தக் கலாட்டாதான்.

பேப்பர் படிக்கும் பெரியவர்

அந்தப் பெரியவர் முதலில் இவரிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். மனைவி இறந்து போனவர். தனி ஆள்.

“என்னப்பா, இருக்கேனா செத்தேனான்னு பார்க்கறியா?” என்று ஒருநாள் சிடுசிடுத்தார்.

“இல்லீங்க ஐயா. பேப்பர் வந்திருக்குமே, தலைப்பு என்னன்னு கேக்கலாம்னு...” என்று இவர் சமாளித்தார்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது. பெரியவர் தலைப்புகளை வாசித்தார். மறுநாள் இவர் கேட்கும் முன்பே வாசித்தார். அன்று முதல் தினமும் 6.40-க்கு நியூஸ். கடைசியில் தங்கம் விலை. இவர் மகள் கல்யாணத்துக்காக அது!

சம்பவத்தன்று தலைப்பு எல்லாம் படித்து விட்டுத் தங்கம் விலையை மறந்து விட்டார். அதைச் சொல்லத்தான் 7 மணிக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி

108 ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “கடைசியா எப்ப நல்லா இருந்தார்?”

கூடப் போன சூப்பர்வைசர் விழித்தார். குடியிருப்புக்குப் போன் போட்டார். ஆபரேட்டர் தன் பிரெய்ல் நோட்டைத் தடவினார்.

“6.40-க்குத் தெளிவாப் பேசினாருங்க. 7 மணிக்குக் குழறிச்சுங்க.”

இந்தப் பதிலுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டி அடைத்துக் கொண்டால் அதைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. பொதுவாக நோய் தொடங்கிய 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தக் கசிவாக இருந்தால் அதே மருந்து ஆபத்து. அதனால் முதலில் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் டாக்டர்களுக்குப் பெரும் சிக்கல். தனியாக இருக்கும் முதியவர்கள் பலருக்கு அந்த நேரத்தைச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

இங்கே ஆள் இருந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கட்டி என்று தெரிந்தது. ஊசி போட்டார்கள். பெரியவர் பிழைத்தார்.

வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல். இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் படுக்க வைத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிதான்.

“எனக்காகக் காத்திருக்காங்க”

கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர்களே இப்போது, “தம்பி லீவு போட்டா அன்னிக்குப் பொழுதே விடியலே” என்கிறார்கள்.

“இரக்கப்பட்டுக் குடுத்த வேலையா இருந்தா என்னிக்கோ போயிருக்குமுங்க. ரெயில்ல நான் போனா ஒதுங்குவாங்க. இங்க 5 நிமிசம் லேட்டானா அவங்களே கூப்பிட்டு ‘ஏன் தம்பி இன்னும் போன் வல்லே’ன்னு கேக்கறாங்க. நூறு வீட்டுல எனக்காகக் காத்திருக்காங்க. வேற என்னங்க வேணும்?” என்று கேட்கிறார் ஆபரேட்டர்.

வேறு வேண்டியதும் உண்டு. சம்பளம் பெரிதில்லை. பஸ் ஸ்டாப்பில் இருந்து கேட் வரை நடைபாதை கிடையாது. மூடாத சாக்கடையில் விழுந்து முழங்காலில் 6 தையல். முதியவர்களே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். பாதித் தூரத்துக்கு சிலாப் வந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு இன்னும் கைத்தடிதான் துணை.

1995-ம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் மாற்றுத் திறனாளிகளுக்கு 3 சதவீத ஒதுக்கீடு தந்தது. 2016-ம் ஆண்டுச் சட்டம் அதை 4 சதவீதம் ஆக்கியது. தனியார் இடங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 100 ஊழியர்களில் 5 பேராவது மாற்றுத் திறனாளிகளாக இருக்கும்படி தனியார் முதலாளிகளுக்குச் சலுகை தர வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்கிறது. வேலை கொடுப்பது முதலாளி மனசு.

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10 பேருக்கு மேல் 60 வயது தாண்டியவர்கள். முதியோர் குடியிருப்புகளும் பெருகி வருகின்றன. “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குக் கண் அவசியம் இல்லை என்று இவர் காட்டி விட்டார்.

பெரியவர் வீடு திரும்பி விட்டார். வலது கையில் இன்னும் பலம் வரவில்லை. பேச்சுப் பயிற்சி நடக்கிறது. டாக்டர் தினமும் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லி இருக்கிறார். யாரிடம் வாசிப்பது என்று பெரியவர் யோசிக்கவே இல்லை.

காலை 6.40. போன் அடிக்கிறது. ஒரு தலைப்பை முடிக்க 2 நிமிடம் ஆகிறது. ஆபரேட்டர் அவசரப்படுத்துவது இல்லை. மற்ற வீடுகளுக்கு அன்று கொஞ்சம் லேட். யாரும் கோபித்துக் கொள்வதில்லை.

போன வாரம் முதல் தடவையாகப் பெரியவர் தங்கம் விலையைக் குழறாமல் முழுதாகச் சொல்லி முடித்தார்.

“விலை ஏறிப் போச்சுங்களே ஐயா!” என்றார் ஆபரேட்டர்.

இரண்டு பேரும் சிரித்தார்கள்.