பேரீச்சங் குலையும் பழந்துணி மூட்டையும்



பட்டினப்பாக்கத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தை மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் வாழும் நீங்கள் நன்கறிவீர்கள். அடையாறு கடலோடு கலக்குமிடத்தில், வடகரையில் அமைந்த மீனவர் குடியிருப்பு அது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிறு காலை ஆறரை மணியளவில், சுமத்ரா தீவின் அருகே கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. சென்னையிலும் அந்நடுக்கம் உணரப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஆழிப்பேரலை இங்கு வந்து சேர்ந்தது. தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 உயிர்கள் பறிபோயின.

அன்று கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் ஒரு நிக்காஹ் விருந்துக்காகத் தேகுசாக்களில் உணவு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. சுற்றுப்புற மீனவக் குப்பங்களிலிருந்து மக்கள் உடுத்திய துணியோடு ஓடிவந்தபோது, மணவீட்டார் அவ்வுணவை அப்படியே அவர்களுக்கு அளித்தனர். அதன்பின் ஊர் ஜமாஅத்தினர் பல நாட்கள் அடுப்பை அணையவிடாது சமைத்து வழங்கினர்; மாற்றுச் சமயத்தாரின் சடலங்களையும் தம் கைகளால் தூக்கி அடக்கம் செய்தனர். நாகூர் தர்காவும் அடைக்கலம் தேடி வந்தோருக்குக் கதவு திறந்தது. தன் நிலத்தில் இறந்தோரை அடக்க இடமும் தந்தது.

அதே நாட்களில் நாகப்பட்டினம் செல்லும் சாலைகளில் வேறொரு காட்சியும் இருந்தது. ஊர் ஊராகத் திரட்டி லாரிகளில் அனுப்பப்பட்ட பழந்துணிகள் தீண்டுவாரின்றிக் குவியல் குவியலாகக் கிடந்தன. சாயம் போனவை, கிழிந்தவை, பொத்தான் அற்றவை! மீனவர்கள் அவற்றை உடுத்த மறுத்தனர். அதை நன்றியின்மை என்று அன்று முணுமுணுத்தவர்களும் உண்டு. சற்றே சிந்தியுங்கள்: முதல் நாள் வரை சொந்தப் படகில் கடலுக்குச் சென்று, உழைத்து உண்டவர்கள் அவர்கள். வீடு போயிற்று, மானமும் போய்விடுமா?

திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில் வரும் ஒரு வசனத்திற்குக் காரணமாக அமைந்த நிகழ்ச்சியை விரிவுரையாளர்கள் கூறுவர். மதீனாவில் பேரீச்ச அறுவடைக் காலத்தில் அன்ஸாரித் தோழர்கள் குலைகளைக் கொணர்ந்து மஸ்ஜிதுந் நபவியில் தொங்கவிடுவர். திண்ணைத் தோழர்களான ஏழைகள் பசித்தபோது பறித்து உண்பர். சிலர் சொத்தைக் குலைகளையும் கொண்டுவந்து மாட்டினர். அப்போதே, தமக்கு ஒருவர் தந்தால் முகம் சுளித்துக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய பொருளைத் தர்மத்திற்கெனத் தெரிந்தெடுக்கலாகாது என்ற கட்டளை இறங்கிற்று.

ரமளானில் தியாகராய நகர்த் துணிக்கடைக்குள் நுழைந்து, "ஏழைகளுக்குக் கொடுக்கத்தான், மலிவாகக் காட்டுங்கள்" என்று கேட்கும் நம் வழக்கத்தையும் இவ்வசனத்தின் அருகில் வைத்துப் பாருங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் பல வீடிழந்தோருக்குத் தங்குமிடமாயின. நம் இளைஞர்கள் சேறு படிந்த கோயில்களையும் கழுவித் தந்தனர். இனியொரு மழைக்காலத்தில் அவ்விளைஞர்கள் கோணியோடு உங்கள் வாசலுக்கு வரக்கூடும். அப்போது பெட்டி பிரிக்காத போர்வை, புதுப்பாய், கைலி, பெண்கள் கேட்கக் கூச்சப்படும் உள்ளாடை, மாதவிலக்குத் துணி ஆகியவற்றில் இயன்றதைக் கொடுங்கள். ஒன்றே ஒன்றாயினும் சரி. பரணிலுள்ள பழைய துணியோ? அதை வாங்கிக்கொண்டு பாத்திரம் தருபவர் தெருவோடு வருவார். அவருக்கென்று எடுத்து வையுங்கள்.