நக்கிள்ஸ் ஏறுமுன் நொக்ஸைப் படியுங்கள்

காட்டில் சிக்கினால் உயிர் பிழைப்பது எப்படி என்று சொல்லும் புத்தகங்களில் உலகமெங்கும் பெயர்பெற்றது, பிரித்தானியச் சிறப்புப் படையில் பயிற்சியாளராக இருந்த ஜோன் வைஸ்மன் 1986இல் வெளியிட்ட கையேடு. நல்ல புத்தகம்தான். உறைபனியில் குழி வெட்டிப் படுப்பதுகூட அதில் உண்டு. அதனாலேயே, கண்டியைச் சுற்றி மலையேறுகிறவர்களுக்கு அதை இரண்டாவது புத்தகமாகத்தான் சொல்வேன். முதலாவது 1681இல் லண்டனில் அச்சானது. எழுதியவர் ரொபர்ட் நொக்ஸ். வரலாற்று நூல் என்று பெயர் வைத்து நூலக அலுமாரிக்குள் நாம் பூட்டிவிட்ட அந்தப் புத்தகம், இந்தத் தீவின் காட்டுக்கென்றே எழுதப்பட்ட கையேடு.

புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற கப்பல், பழுதுபார்ப்பதற்காகத் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய 19 வயது மகனையும் மாலுமிகளையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன்தான் நம்முடைய நொக்ஸ். விலங்கு மாட்டிய சிறையல்ல அது. ஊருக்குள் நடமாடலாம், நாட்டை விட்டுப் போகத்தான் முடியாது. வழிகளில் முள்வேலிக் கதவும் காவலும் இருந்தன. மிச்சத்தைக் காடு பார்த்துக்கொண்டது. அவர் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், கண்டிக்குத் தெற்கே எலதெத்தவில் வீடு கட்டினார். ஏறத்தாழ இருபது ஆண்டு இப்படிப் போனது.

தப்புவதற்கான ஆயத்தம் மட்டுமே பல ஆண்டுகள் நடந்தது. சில்லறைச் சாமான் விற்கும் வியாபாரியாக வடக்கே போய்ப்போய் வழிகளையும் ஊர்களையும் மனப்பாடம் செய்தார். 1679இல் நண்பர் ஸ்டீவன் ரட்லண்டுடன் அனுராதபுரத்துக்கு அருகே காட்டில் இறங்கியபோது மூட்டையில் இருந்தவற்றைப் பாருங்கள்: அரிசி, சமைக்கச் சட்டி, தண்ணீருக்குச் சுரைக்குடுவை, சர்க்கரைக்கட்டி, சிறு கோடரி, முள்ளுக்குச் செருப்பு தைக்க மான்தோல், ஒன்று கெட்டால் மற்றது என்று ஒன்றுக்கு மேற்பட்ட தீப்பெட்டகம், கூடாரத்துக்கு இரண்டு தாளிப்பனை ஓலை. இன்றைய மலையேற்றப் பட்டியலில் இதற்குமேல் அதிகம் இல்லை, ஒரு டோர்ச்சைத் தவிர.

அந்த ஓலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்களத்தில் தல என்று சொல்கிற தாளிப்பனையைப் பேராதனைப் பூங்காவில் பார்க்கலாம். ஒரே இலை ஐந்து மீற்றர் அகலம்வரை விரியும். ஓர் ஓலையின் கீழ் பதினைந்து இருபது பேர் மழைக்கு ஒதுங்கலாம் என்கிறார் நொக்ஸ். மடித்தால் ஒரு கை அளவுதான், பாரமும் இல்லை. சூட்சுமம் மடிப்பில் இருக்கிறது. தட்டையான மெல்லிய தகடு தன் பாரத்துக்கே தொய்யும். அதையே கூரைத் தகரம்போல வரிவரியாக நெளித்துவிட்டால் வளையாமல் நிற்கும். மழைநீர் அந்த வரிகளிலேயே வழிந்து ஓடிவிடும். இந்த மரம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, பல பத்தாண்டுகள் காத்திருந்து பூக்கும். தாவர உலகத்திலேயே பெரிய பூங்கொத்து அதனுடையது. காய்த்து முடிந்ததும் மரம் பட்டுப்போகும்.

அட்டையைப் பற்றி அவர் எழுதியதற்கு இன்றும் திருத்தம் அதிகம் தேவையில்லை. குதிரைமயிர் தடிப்பில் தொடங்கி இறகுக் காம்பு அளவுக்குப் பருக்கும் என்று கண்ணால் அளந்து எழுதியிருக்கிறார். மழை விட்ட நேரம் கண்டியின் உடவத்தக்கலைக் காட்டுப் பாதையில் குனிந்து பார்த்தால், இலை நுனியில் பின்உறிஞ்சியால் ஒட்டிக்கொண்டு உடலைக் காற்றில் துழாவிக்கொண்டிருக்கும். நம் அடிவைப்பின் அதிர்வு, உடற்சூடு, மூச்சுக்காற்று எல்லாம் அதற்குச் செய்தி. கோலில் கட்டிய எலுமிச்சையும் உப்பும் தட்டுவது ஊர்வழக்கம், சிலர் தட்டையாகச் சீவிய நாணலால் வழிப்பார்கள், பலர் பேசாமல் கடிக்கவிட்டு நடைமுடிவில் சாம்பல் பூசுவார்கள் என்கிறார். கழன்ற பிறகும் நெடுநேரம் இரத்தம் சொட்டும் என்பதையும் கவனித்திருக்கிறார். காரணம் உமிழ்நீர்: அதில் இரத்தத்தை உறையவிடாத பொருள்கள் இருக்கின்றன. அவர் சொல்லும் வழிகளில் நாணல்தான் சரி. கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்புப் போட்டால், வயிற்றில் உள்ளதைக் கிருமியோடு காயத்துக்குள் கக்கிவிடலாம். நகத்தை உறிஞ்சிக்கு அடியில் கொடுத்துத் தள்ளிவிடுங்கள். கடிக்குமுன் தடுக்க, தேயிலைத் தோட்டப் பெண்கள் காலில் சவர்க்காரம் தேய்ப்பார்கள். காசு இருப்பவர்கள் நெருக்க நெய்த அட்டைக் காலுறை போடலாம்.

ஓர் இடத்தில் நொக்ஸை அப்படியே பின்பற்றக் கூடாது. அவர் மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பகலில் ஆள் சத்தம் கேட்டால் சேறு நிறைந்த மரப்பொந்துக்குள் பதுங்கினார், இரவில் யானையைத் தீக்கொள்ளியால் விரட்டினார், 1679 அக்டோபர் 18இல் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். ஆற்றோடு போனால் கடல் வரும் என்ற கணக்கு அங்கே பலித்தது; அது சமதரை. நக்கிள்ஸ் மலைத்தொடரோ செங்குத்தாக இறங்குகிறது. அங்கே ஓடையைப் பிடித்து இறங்கினால் அருவியின் தலைமாட்டில் போய் நிற்பீர்கள். ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது, பள்ளத்தில் தொலைபேசிக்கு அலையும் கிடைக்காது. வழி தவறினால் இருந்த இடத்தில் இருப்பதே மேல்.

குளிரும் அவர் அதிகம் பேசாத விஷயம். ஆயிரம் மீற்றருக்குச் சுமார் 6.5 பாகை வெப்பம் குறையும். 500 மீற்றரில் இருக்கும் கண்டியிலிருந்து 1,906 மீற்றர் உயரமுள்ள கொம்பனியா உச்சிக்குப் போனால் ஒன்பது பாகை குறைவு. அதோடு மழையும் காற்றும் சேர வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்தும். வெப்பநாட்டிலும் விறைத்துச் சாகலாம். ஆகவே மாற்றுடுப்பை நனையாத பையில் கட்டிக் கொண்டுபோங்கள்.

தண்ணீர்க் கதைதான் விசித்திரம். வறட்சியில் கலங்கல் தண்ணீர் குடித்துக் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் கண்ட நொக்ஸ், ஊரார் சொல்லிக் கஞ்சா இலையைச் சர்க்கரையோடு காலை மாலை தின்றார், குணமானதாக நம்பினார். பின்னாளில் லண்டனில் அந்த இலையைப் பற்றி ரொபர்ட் ஹூக்கிடம் சொன்னார். உயிரணுவுக்குப் பெயர் வைத்த அதே ஹூக். நொக்ஸின் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. 1689 டிசம்பரில் ஹூக் அந்தச் செடியைப் பற்றி ரோயல் சொசைட்டியில் உரையே நிகழ்த்தினார். இலை கிருமியைக் கொல்லாது. கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் தண்ணீர்க் கிருமி சாகும். காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றுநீரில் இறங்குவதால் வரும் எலிக்காய்ச்சலுக்குக் கொதிக்கவைப்பதும் காப்பில்லை. காயத்தை மூடிக்கட்ட வேண்டும்.

புத்தகம் பதிப்புரிமை கடந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பழைய ஆங்கிலம், முதல் பத்துப் பக்கம் முரண்டு பிடிக்கும். நான்கு பாகங்களில் கடைசியை, சிறைப்பட்டதும் தப்பியதுமான பாகத்தை, முதலில் எடுங்கள். பிறகு மரமும் மிருகமும் அட்டையும் வரும் முதல் பாகம். அரசனைப் பற்றிய இரண்டாவது பாகத்தை மழைக்காலத்தில் வீட்டில் இருந்து வாசிக்கலாம்.