சோபாவில் உட்கார்ந்தால் எல்லாரும் மேதைகள்தான்!

இராமாயணத்தில் அனுமன் சஞ்சீவி மூலிகையைக் கொண்டுவந்தது யாருக்காக? சுக்ரீவனா, இலட்சுமணனா, சீதையா, இராமனா?

"இதெல்லாம் ஒரு கேள்வியா!" என்று சிரித்துக்கொண்டே பதிலைச் சொல்லியிருப்பீர்கள். பாட்டி மடியில் கதை கேட்ட பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பதில்தான். ஆனால் 2019 செப்டம்பரில், அமிதாப் பச்சன் நடத்தும் 'கோன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியில் இந்தக் கேள்வி வந்தபோது, எதிர் இருக்கையில் இருந்த இந்தி நடிகை சோனாக்சி சின்ஹா திணறிப்போனார். உதவி வாய்ப்பு ஒன்றைச் செலவு செய்த பிறகுதான் 'இலட்சுமணன்' என்ற பதில் வந்தது.

பிடித்துக்கொண்டது ஊர்! அவருடைய அப்பாவின் பெயர் சத்ருகன். பெரியப்பாமார் பெயர்கள் ராம், லட்சுமண், பரத். அண்ணன்மார் லவ், குஷ். மும்பையில் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் பெயரே 'ராமாயண்'. கேலி செய்ய இதைவிட வேறென்ன வேண்டும்? சமூக ஊடகங்களில் நாள்கணக்கில் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், பழைய 'மகாபாரதம்' தொடரில் பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னா அதே சம்பவத்தை எடுத்து, பிள்ளையை வளர்த்த விதத்தையே குறை சொன்னார். அதற்குச் சோனாக்சி பதில் சொன்னார். அன்று அந்த நேரத்தில் மறந்து போயிருக்கலாம், மறப்பது மனித இயல்பு என்றார். இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தும் தன் பெயரை மட்டும் எடுப்பது ஏன் என்றும் கேட்டார். உண்மைதான். அன்று அவர் போட்டியாளருக்குத் துணையாக வந்து உட்கார்ந்தவர்.

ஒரு நிமிடத் தடுமாற்றம். ஐந்தாண்டுக் கேலி. புதிர்ப்போட்டிகளில் வரும் 'முட்டாள்தனமான' பதில்களைப் பார்த்துச் சிரிக்கும் நாம், அந்தப் பதில் எப்படிப் பிறக்கிறது என்று யோசித்ததுண்டா?

மேடை வேறு, வரவேற்பறை வேறு

சன் தொலைக்காட்சியில் 2000-ஆம் ஆண்டு சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்திய காலம் பலருக்கு நினைவிருக்கும். 2012-இல் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யில் வந்தார். இவற்றுக்கெல்லாம் மூலம் 1998 செப்டம்பரில் பிரிட்டனில் தொடங்கிய நிகழ்ச்சி. இருட்டாக்கப்பட்ட அரங்கம், நடுவில் ஒரே வெளிச்சம், நெஞ்சைத் தட்டும் இசை, "இதுதான் உங்கள் இறுதிப் பதிலா?" என்ற கேள்வி. எல்லாமே போட்டியாளரைப் பதற வைப்பதற்கென்றே அமைக்கப்பட்டவை. அவர் பதறினால்தான் பார்ப்பவருக்குச் சுவை.

கூலாயில் ஒரு வீட்டு வரவேற்பறையில் தேநீரோடு உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தப்பாகச் சொன்னால் ஒரு காசு நட்டமில்லை. சொன்னதை யாரும் பதிவு செய்யவும் இல்லை. மேடையில் இருப்பவர் நிலை அப்படியா? பிரிட்டன் நிகழ்ச்சியின் பழைய விதிப்படி, 5 லட்சம் பவுனைத் தொட்டவர் கடைசிக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் 32,000 பவுனோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு வாய்ச்சொல்லில் 4,68,000 பவுன் போய்விடும்! அந்த நேரத்தில் மூளையில் பாதி கேள்வியை யோசிக்கும். மீதிப் பாதி பயத்தை யோசிக்கும்.

தெரிந்த சொல் தொண்டைவரை வந்து நின்றுகொள்வதும் உண்டு. இதை 1966-இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அரிய சொற்களின் பொருளை மட்டும் படித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். சொல் வராமல் தவித்த பலரும் அதன் முதல் எழுத்தையும், அது எத்தனை அசை என்பதையும் சரியாகச் சொன்னார்கள்! அறிவு உள்ளேயே இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் பழைய ஆசிரியரைப் பார்த்துப் பெயர் வராமல் விழித்தவர்களுக்கு இது புரியும்.

கேள்வியும் கவிழ்க்கும்

சரி, இன்னொரு கேள்வி. தருமர் கொடுத்தனுப்பிய கணையாழியை அனுமன் சீதையிடம் காட்டிய வனம் எது?

அசோகவனம் என்று சொல்லிவிட்டீர்களா? கணையாழியைக் கொடுத்தது இராமன். தருமருக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு? கேள்வி ஏறக்குறையப் பொருந்தி வந்தால் போதும், மனம் அதிலுள்ள பிழையைத் தானே விழுங்கிவிட்டுப் பதிலைத் தேடி ஓடுகிறது. 'மோசே தம் பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்?' என்று கேட்டு இதை 1981-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பேழை கட்டியவர் நோவா என்று நன்றாகத் தெரிந்தவர்களே 'இரண்டு' என்றார்கள்.

அளவுக்கு மீறி எளிதான கேள்வியும் ஆபத்துத்தான். 2018-இல் துருக்கியில் இதே நிகழ்ச்சியில், 'சீனப் பெருஞ்சுவர் எந்த நாட்டில் இருக்கிறது?' என்று கேட்டார்கள். போட்டியாளர் பார்வையாளர் உதவி கேட்டார். சீனா என்று சொன்னவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். பிறகு தொலைபேசியில் நண்பரைக் கேட்டு உறுதி செய்துகொண்டார். உலகமே சிரித்தது. கேள்வியிலேயே பதில் இருந்தால், 'இதில் ஏதோ சூது இருக்கிறது' என்று மனம் ஐயப்படாதா? தமக்குப் பதில் தெரியும், உதவியை எப்போது பயன்படுத்துவது என்பது தம் உரிமை என்று அவர் பிறகு சொன்னார்.

கேள்வியே அரைகுறையாக இருப்பதும் உண்டு. 'மலேசியா சுதந்திரம் அடைந்த ஆண்டு எது?' 1957 என்று எல்லாரும் சொல்வோம். 1957 ஆகஸ்டு 31-இல் சுதந்திரம் அடைந்தது மலாயா. மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16-இல். சபாவிலோ சரவாக்கிலோ வளர்ந்த பிள்ளை தயங்கி நின்றால், அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

அந்தச் சஞ்சீவிக் கேள்விக்கே வருவோம். வால்மீகி இராமாயணத்தில் அனுமன் மூலிகை மலையைத் தூக்கி வருவது ஒரு முறையல்ல, இரண்டு முறை. முதல் முறை, இந்திரசித்தின் அம்புகளால் வீழ்ந்து கிடந்த இராமனும் இலட்சுமணனும், வானரப் படையும் சேர்ந்தே எழுகிறார்கள். இரண்டாம் முறைதான் இலட்சுமணனுக்கு மட்டும். ஆக, "இது கூடத் தெரியாதா?" என்று ஐந்தாண்டு கேலி செய்தவர்களில் எத்தனை பேருக்கு முழுக் கதையும் தெரிந்திருக்கும்?

கேட்பவர் மேதையா?

புதிர்ப்போட்டி நடத்துபவர் பெரிய அறிவாளி போலவும், பதில் தெரியாதவர் ஒன்றும் தெரியாதவர் போலவும் நமக்குத் தோன்றுகிறது. 1977-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லீ ராஸ் குழுவினர் இதைச் சோதித்தார்கள். மாணவர்களில் யார் கேள்வி கேட்பது, யார் பதில் சொல்வது என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். கேட்பவர் தமக்குத் தெரிந்த விசயங்களிலிருந்தே கடினமான கேள்விகளைத் தயாரித்தார். எதிரில் இருப்பவர் திணறத்தானே செய்வார்! ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கேட்டவருக்கே பொது அறிவு அதிகம் என்று மதிப்பிட்டார்கள். திணறியவர்களும் தங்களை அப்படியே தாழ்த்தி மதிப்பிட்டுக்கொண்டார்கள்.

தொலைக்காட்சியில் கேள்வி கேட்பவர் முன்னால் பதிலும் எழுதித்தான் இருக்கிறது. நாற்காலியை மாற்றிப் போட்டால் கதையும் மாறிவிடும்.

கூலாய் எந்த மாவட்டம்?

சரியான பதிலுக்கும் காலாவதித் தேதி உண்டு. அதற்குக் கூலாயைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் பள்ளிப் புதிர்ப்போட்டியில் 'கூலாய் எந்த மாவட்டத்தில் இருக்கிறது?' என்ற கேள்வியைச் சந்திக்கிறார்கள். 2007-இல் அக்காள் 'ஜோகூர் பாரு' என்றால் சரி. 2010-இல் அண்ணன் 'கூலாய்ஜெயா' என்றால் சரி; 2008-இல்தான் அது தனி மாவட்டமானது. 2016-இல் தங்கை 'கூலாய்' என்றால் சரி. 2015 ஆகஸ்டில் பழைய பெயரே திரும்பிவிட்டது. ஒரே கேள்வி, ஒரே ஊர், மூன்று பதில்கள்! ஜோகூரில் எத்தனை மாவட்டங்கள் என்றால் அப்பா 'எட்டு' என்பார். பிள்ளைகள் 'பத்து' என்பார்கள். அப்பா படித்த காலத்தில் எட்டுதான்.

கோள்களும் 2006 ஆகஸ்டு வரை ஒன்பது. புளூட்டோவை அனைத்துலக வானியல் சங்கம் பட்டியலிலிருந்து இறக்கியதும் எட்டு. பழைய பாடநூலைப் படித்த ஒருவர் இன்று 'ஒன்பது' என்றால் அவரை முட்டாள் என்பதா?

தெரிந்தே சொன்ன தப்பு

உலகத் தொலைக்காட்சி வரலாற்றில் மிகப் பெயர்பெற்ற தப்பான பதில் ஒன்று உண்டு. 1956 டிசம்பரில் அமெரிக்காவின் 'டுவென்டி ஒன்' நிகழ்ச்சியில், 1955-இன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற படம் எது என்று ஹெர்பர்ட் ஸ்டெம்பலிடம் கேட்டார்கள். சரியான பதில் 'மார்ட்டி'. அது அவருக்கு மிகவும் பிடித்த படமும்கூட. ஆனால் தயாரிப்பாளர்கள் சொல்லி வைத்தபடி வேறொரு படத்தின் பெயரைச் சொன்னார். எதிர்ப் போட்டியாளரான சார்லஸ் வான் டோரனுக்குப் பதில்கள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தன. 1959-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வான் டோரன் அதை ஒப்புக்கொண்டார். புதிர்ப்போட்டியில் மோசடி செய்வது குற்றம் என்று 1960-இல் சட்டமே வந்தது. 'மேதை'யாகக் கொண்டாடப்பட்டவருக்குப் பதில்கள் கிடைத்த விதமும், 'தோற்றவர்' தோற்ற விதமும் பார்ப்பவர்களுக்குத் தெரியாமலே இருந்தன.

இதையெல்லாம் சொல்வதால், தப்பே கிடையாது என்று ஆகிவிடாது. தெரியாமலே சொல்லும் தப்பும் உண்டு. 2007-இல் அமெரிக்கப் பாடகி கெல்லி பிக்லர், புடாபெஸ்ட் எந்த ஐரோப்பிய நாட்டின் தலைநகர் என்று கேட்டபோது, ஐரோப்பாவையே ஒரு நாடு என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். அரங்கம் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். அதனால் என்ன? அன்றோடு அவருக்கு அது தெரிந்துவிட்டது. பார்த்தவர்களில் பலருக்கும் அன்றுதான் தெரிந்திருக்கும்!

சிரிப்பு எங்கே போய் முடிகிறது?

நடிகையும் பாடகியும் கேலியைத் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் சோபாவில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? "இது கூடத் தெரியாத மடையன்!" என்று அப்பா திரையைப் பார்த்துச் சொல்வதைக் கேட்கிறது. தெரியாமல் இருப்பதைவிட, தப்பாகச் சொல்வது பெரிய அவமானம் என்று அதன் மனத்தில் பதிகிறது. மறுநாள் வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கும்போது, பாதி உயர்ந்த கை கீழே இறங்கிவிடுகிறது. கையைத் தூக்காத பிள்ளைக்கு எங்கே தப்பு என்று யாரும் திருத்தப் போவதில்லை.

இதற்கு மாறான ஒரு காட்சியும் உண்டு. 2020 ஜனவரியில் கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி'யில், மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ரூபாய் வென்றார். அவருக்குக் காது கேட்காது, வாய் பேச வராது. உதட்டசைவைப் படித்தே கேள்விகளைப் புரிந்துகொண்டார். அவருக்கு ஏற்ற முறையில் கேட்கவும், பதிலுக்குக் காத்திருக்கவும் ஒரு மேடை இருந்தது. உள்ளே இருந்த அறிவு வெளியே வந்தது.

நம் தமிழ்ப்பள்ளிகளிலும், ஆலய இளைஞர் பிரிவுகளிலும், தீபாவளி நிகழ்ச்சிகளிலும் புதிர்ப்போட்டி நடத்துபவர்கள் சில காரியங்களைச் செய்யலாம். கேள்வியை இரண்டு பேர் சரிபார்க்கட்டும். எந்த ஆண்டின் நிலவரம் என்பதையும் கேள்வியிலேயே சேர்க்கட்டும். ஒரு பிள்ளை தயங்கினால் பத்து வினாடி கூடுதலாகக் கொடுக்கட்டும். தப்பான பதில் வந்தால், "ஏன் அப்படி நினைத்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அந்தப் பதிலில் பல நேரம் ஒரு நியாயம் ஒளிந்திருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சின்னப் பயிற்சி. அடுத்த முறை புதிர்ப்போட்டி பார்க்கும்போது, போட்டியாளர் வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பதினைந்து கேள்வி முடிந்ததும் பிள்ளைகள் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அன்று இரவு வீட்டில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்!