முதலில் இடம், அப்புறம் புள்ளி

பினாங்குத் தமிழருக்கு ஊருக்குப் போவது ஒரு காலத்தில் ஒரே டிக்கெட் சமாசாரம். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு வரும். அப்புறம் போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று போகும். நம் தாத்தாக்களுக்கு அலைச்சல் இருந்தது. ஆனால் 'அடுத்த கப்பல் தவறிவிடுமோ' என்ற பயம் இல்லை.

இன்று அந்தப் பயம் நமக்கு உண்டு. 2024 டிசம்பர் 21-இல் இண்டிகோ பினாங்கு–சென்னை நேரடிச் சேவையைத் தொடங்கியது பெரிய நிம்மதிதான். ஆனால் எல்லோருக்கும் ஊர் சென்னை இல்லையே. மதுரை, திருச்சி, ராமநாதபுரம் பக்கம் போகிறவர்களும், லண்டனில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களும் இரண்டு மூன்று விமானம் மாறித்தான் ஆக வேண்டும். கிரெடிட் கார்டில் சேர்த்து வைத்த புள்ளிகள் உண்மையில் உதவுவது இந்த மாதிரிப் பயணத்துக்குத்தான். அதே பயணத்தில்தான் புள்ளிகள் வீணாவதும் அதிகம்.

வீணாவது எப்படி? 'உங்கள் புள்ளிகள் காலாவதியாகப் போகின்றன' என்று வங்கியிலிருந்து செய்தி வந்ததும், பதறிப்போய் மொத்தத்தையும் ஏதோ ஒரு விமான நிறுவனக் கணக்குக்கு மாற்றிவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் இடம் தேடுகிறோம். வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்குப் போவது ஒருவழிப் பாதை. போன புள்ளி வங்கிக்குத் திரும்பாது. நாம் போகிற தேதியில் இடம் இல்லையென்றால், அந்த நிறுவனத்தின் கணக்கிலேயே அது கிடக்க வேண்டியதுதான். மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச் புள்ளிகளுக்கும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கும் ஆயுள் மூன்று ஆண்டு. கேத்தே பசிபிக்கின் ஏஷியா மைல்ஸ் 2020-லிருந்து வேறு மாதிரி: 18 மாதத்துக்குள் ஒருமுறை சேர்த்தாலோ செலவழித்தாலோ உயிர் நீடிக்கும்.

ஆகவே முதலில் இடம், அப்புறம் புள்ளி.

எங்கே இடம் தேடுவது என்பதற்குக் கூட்டணிகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியா ஏர்லைன்ஸ் 2013 பிப்ரவரியில் ஒன்வேர்ல்டு கூட்டணியில் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கத்தார் ஏர்வேஸும், 2014 மே மாதம் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்தன. கேத்தே பசிபிக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் தொடக்கத்திலிருந்தே அங்கே இருப்பவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருப்பது ஸ்டார் கூட்டணியில். 2014 ஜூலையில் ஏர் இந்தியாவும் அங்கே வந்து சேர்ந்தது. ஒரு நிறுவனத்தில் சேர்த்த புள்ளியைக் கொண்டு அதன் கூட்டாளியின் விமானத்திலும் பறக்கலாம் என்பதுதான் இதன் பயன். இண்டிகோ இந்தக் கூட்டணிகள் எதிலும் இல்லை. சென்னைக்கு மட்டும் போகிறவர் நேரடி விமானத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, புள்ளியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

ஒரு கணக்குக்கு, பிறையில் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, மகள், பாட்டி. தை மாதம் மதுரையில் கல்யாணம். வலைத்தளத்தில் பினாங்கு–மதுரை என்று தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம். அதோடு விட்டுவிடக் கூடாது. ஸ்ரீலங்கன், கோலாலம்பூர்–கொழும்பு, கொழும்பு–மதுரை இரண்டு தடத்திலும் பறக்கிறது. பினாங்கு–கோலாலம்பூருக்கு மலேசியா ஏர்லைன்ஸ் இருக்கிறது. மூன்று பகுதியையும் தனித்தனியாகத் தேடி, புள்ளிக்கு இடம் உள்ள விமான எண்களையும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, என்ரிச் வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் செய்து, மூன்றையும் ஒரே டிக்கெட்டாகத் தர முடியுமா என்று கேளுங்கள். திரையில் வராதது சில சமயம் ஃபோனில் கிடைக்கும். திரும்பும்போது சென்னையில் சேலை எடுத்துவிட்டு அங்கிருந்தே கிளம்புவது நம் வழக்கம் என்றால், போவதையும் வருவதையும் தனித்தனியாகத் தேடிப் பார்ப்பது சுலபம்.

ஒரே டிக்கெட் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் பாட்டியும் முகூர்த்தமும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், ஒரே டிக்கெட்டில் உங்களை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால், தவறிய விமானம் உங்கள் நஷ்டம். கோலாலம்பூரில் நின்றுகொண்டு நான்கு பேருக்குப் புது டிக்கெட் தேட வேண்டும். ஒரே டிக்கெட்டில் பெட்டியைப் பெரும்பாலும் பாயான் லெப்பாஸிலேயே கடைசி ஊர் வரை போட்டுவிடலாம்.

புள்ளி டிக்கெட்டைக் கோலாலம்பூரிலிருந்து எடுத்துவிட்டு, பினாங்கு–கோலாலம்பூருக்கு மலிவாக வேறு டிக்கெட் வாங்குவதுதான் நம் ஊரில் நடக்கும் வழக்கமான சிக்கனம். அந்த மலிவு விமானம் எங்கே இறக்கிவிடும் என்று பாருங்கள். ஏர் ஏசியா வந்து நிற்பது கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்தில். மலேசியா ஏர்லைன்ஸும் ஸ்ரீலங்கனும் புறப்படுவது முதலாம் முனையத்தில். பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் மாற வேண்டும். ஃபயர்ஃபிளையின் சிறிய விமானம் என்றால் இறங்குவது சுபாங்கில். அங்கிருந்து கேஎல்ஐஏவுக்குச் சாலை வழிதான். எத்தனை மணி நேரம் இடைவெளி விடுவது என்று கேட்டால், கல்யாணத்துக்குப் போகிறவர் முந்தின நாளே போய்விடட்டும்.

இதற்கு நேர்மாறான தந்திரமும் பலிக்காது. பினாங்கிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, 'பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி வந்து கோலாலம்பூரில் விமானம் பிடிக்கிறேன்' என்றால், முதல் பகுதியில் ஏறாதவருக்கு மீதிப் பகுதிகள் தானாகவே ரத்தாகும்.

புள்ளி டிக்கெட் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விமான நிலைய வரி உண்டு. சில நிறுவனங்கள் எரிபொருள் கட்டணமும் சேர்க்கும். உதாரணத்துக்கு, காசுக்கு 1,400 ரிங்கிட் விலையுள்ள டிக்கெட்டுக்கு 30,000 புள்ளியும் 350 ரிங்கிட் வரியும் கேட்கிறார்கள் என்று வையுங்கள். மிச்சமாவது 1,050 ரிங்கிட். ஒரு புள்ளிக்கு மூன்றரை சென். அந்த 30,000 புள்ளிக்காக வங்கியில் எத்தனை புள்ளி கழியும், அதற்கு வங்கி எவ்வளவு ரிங்கிட்டுக்குப் பற்றுச்சீட்டு தரும் என்று பாருங்கள். 1,050-ஐவிடக் கணிசமாகக் குறைவு என்றால் பறக்கலாம். டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் நாளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் காசின் பக்கமே சாயும். தீபாவளி, பள்ளி விடுமுறை நாட்களில்தான் புள்ளிக்கு மதிப்பு. அந்த நாட்களில்தான் இடமும் கிடைக்காது!

அதனால் முந்துங்கள். பல நிறுவனங்கள் பயணத்துக்கு ஏறத்தாழ 11 மாதத்துக்கு முன்பே இடத்தைத் திறக்கின்றன. கூட்டாளி நிறுவனங்களுக்கு ஒதுக்கும் இடம் சிலவேதான். நான்கு பேருக்கு ஒரே விமானத்தில் கிடைக்காவிட்டால், இரண்டு இரண்டாகப் பிரிந்து போகத் தயாரா என்று வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். அப்பாவின் புள்ளியில் பாட்டிக்கு டிக்கெட் எடுப்பதற்கும் விதி உண்டு: கிரிஸ்ஃபிளையரில் ஐந்து பேரை மட்டுமே பெயர் கொடுத்துப் பதிய முடியும்.

டிக்கெட் கைக்கு வந்ததும் இரண்டாவது நிறுவனத்தின் முன்பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பாட்டிக்குச் சக்கர நாற்காலி, சைவச் சாப்பாடு, பக்கத்துப் பக்கத்து இருக்கை எல்லாம் அந்த எண்ணைக் கொண்டு அவர்களிடமே உறுதி செய்ய வேண்டியிருக்கும். ரத்து செய்தால் புள்ளி திரும்புமா, கட்டணம் எவ்வளவு, அதற்குள் காலாவதி தேதி தாண்டியிருந்தால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளையும் அதே ஃபோனில், வரியைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.