வெளிநாட்டு உதவிப் பணம்: கணக்கை யாரிடம் கேட்பது?

வெளிநாட்டிலிருந்து வரும் உதவிப் பணத்துக்கு அரசு கணக்குக் காட்ட வேண்டும் என்பதை மறுப்பவர் எவரும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கை யார், யாரிடம், எந்தச் சட்டத்தின்படி கேட்கலாம் என்பது பணத்தின் அளவைப் பொறுத்தது அன்று, அது வந்து சேர்ந்த வழியைப் பொறுத்தது. 2018 ஆகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளத்துக்குப் பிறகு, திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் இத்தகைய மூன்று வழிகளை ஓராண்டுக்குள் கண்டது.

அவற்றுள் ஒன்று தொடக்கத்திலேயே அடைபட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 700 கோடி ரூபாய் தர முன்வந்துள்ளதாக முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்ததும், அத்தகைய தொகை எதுவும் இன்னும் முடிவாகவில்லை என்று அமீரகத் தூதர் விளக்கினார். ஒன்றிய அரசோ, 2004 சுனாமிக் காலத்திலிருந்து பின்பற்றும் நடைமுறையைச் சுட்டி, வெளிநாட்டு அரசுகளின் நிவாரணத்தை ஏற்க இயலாது என்றது. பிற நாட்டு அரசு நல்லெண்ண அடிப்படையில் தானாக முன்வந்தால் ஏற்கலாம் என்று 2016-ஆம் ஆண்டின் தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் இடம் தந்திருந்தும், ஏற்பதும் மறுப்பதும் ஒன்றிய அரசின் விருப்பத்துக்கே விடப்பட்டிருப்பதால், மாநிலத்துக்கு அதில் உரிமை ஏதுமில்லை.

இரண்டாவது வழி கடன். அரசியலமைப்பின் 293-ஆம் பிரிவு, மாநிலங்கள் இந்திய எல்லைக்குள் மட்டுமே கடன் வாங்க அனுமதிப்பதால், உலக வங்கி போன்ற நிறுவனங்களின் கடனை ஒன்றிய அரசு பெற்று மாநிலத்துக்குக் கைமாற்றுகிறது. 2005 முதல் பெரும்பாலான மாநிலங்களுக்கு அதே வட்டி, அதே நிபந்தனைகளுடன் அது கைமாற்றப்படுவதால், டாலர் மதிப்பு உயரும்போது ஏற்படும் இழப்பும் மாநிலத்தின் தலையிலேயே விழுகிறது. 2019 ஜூனில் உலக வங்கி கேரள மறுசீரமைப்புக்காக ஒப்புதல் அளித்த 25 கோடி டாலர், குறிப்பிட்ட பாலத்துக்கோ சாலைக்கோ உரியதன்று. ஆற்றுப் படுகை மேலாண்மை, வேளாண்மை முதலிய துறைகளில் அரசு ஒப்புக்கொண்ட கொள்கை மாற்றங்களுக்காகத் தரப்படும் வரவுசெலவுத் திட்ட ஆதரவு அது. இத்தகைய பணம் மாநிலத்தின் தொகுப்பு நிதியத்தில், அதாவது வரியும் கடனுமாக அரசுக்கு வரும் வருவாயெல்லாம் சேரும் பொதுக் கணக்கில், கலந்துவிடுகிறது. வெள்ளத்துக்காக வந்த பணம் வேறு செலவுக்குப் போயிற்று என்று எதிர்க்கட்சிகள் எழுப்பிய புகாரை முழுதாக நிறுவவோ முழுதாக மறுக்கவோ இயலாமற்போனதற்கு இந்தக் கலப்பே காரணம். திட்டத்துக்கென்றே ஒதுக்கப்படும் கடனிலும் இடர் இல்லாமலில்லை: வேளாண் மதிப்புச் சங்கிலிக்கான கேரா திட்டத்துக்கு உலக வங்கி விடுவித்த சுமார் 140 கோடி ரூபாய், கருவூலத்துக்கு வந்த பின்னும் திட்டக் கணக்குக்கு உரிய காலத்தில் மாற்றப்படவில்லை என்ற குற்றச்சாட்டு 2025-இல் எழுந்தது.

மூன்றாவது வழிதான் சிக்கலானது. வீடற்றோருக்கு வீடு கட்டித் தரும் மாநில அரசின் லைஃப் மிஷன், 2019 ஜூலை 11 அன்று முதலமைச்சர் முன்னிலையில், அமீரகத்தின் செம்பிறைச் சங்கத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. திருச்சூர் மாவட்டம் வடக்காஞ்சேரியில் 140 குடியிருப்புகளும் ஒரு மருத்துவமனையும் கட்ட ஒரு கோடி திர்ஹாம், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 20 கோடி ரூபாய், கொடை என்பது ஏற்பாடு. நிலம் அரசுடையது, பயனாளிகள் அரசின் பட்டியலில் உள்ளவர்கள். ஆயினும் கட்டுமான ஒப்பந்தம் அதே மாத இறுதியில் திருவனந்தபுரத்திலுள்ள அமீரகத் துணைத் தூதரகத்துக்கும் யூனிடாக் என்ற தனியார் நிறுவனத்துக்கும் இடையே கையெழுத்தானது. அரசு அதில் ஒரு தரப்பே அன்று. ஆகவே அரசுப் பணிகளுக்குரிய ஒப்பந்தப்புள்ளி நடைமுறையும், கருவூல வழியும், தணிக்கையும் ஒருசேர விலகி நின்றன. தரகுத் தொகை கைமாறியது என்ற குற்றச்சாட்டின் பேரில், சட்டமன்ற உறுப்பினர் அனில் அக்கரையின் புகாரை ஏற்று, 2020 செப்டம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறை வெளிநாட்டு நிதிப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிந்தது. அதை நீக்கக் கோரிய மனுக்களை 2021 ஜனவரியில் தள்ளுபடி செய்த கேரள உயர் நீதிமன்றம், தணிக்கையிலிருந்து தப்பும் வகையில் ஒப்பந்தம் அமைக்கப்பட்டதோ என்ற கோணத்தையும் தொட்டது. குற்றம் நடந்ததா என்பது விசாரணை முடிவுக்கு உரியது. எனினும் கொடையாகவே வந்தாலும் பொது நிலத்தில் செலவாகும் பணம் பொதுக் கணக்குக்கு வெளியே நிற்க விடப்பட்டது நிர்வாகத்தின் பிழை என்று சொல்ல, எந்தத் தீர்ப்புக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

குடிமகனின் கையில் உள்ள முதன்மைக் கருவி 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணத்துடன் மனு அளித்தால் 30 நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் விடையளிக்க வேண்டும். அளிக்காவிட்டாலோ விடை நிறைவளிக்காவிட்டாலோ 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடும், அதன் பின் 90 நாளுக்குள் திருவனந்தபுரத்திலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். வெளிநாட்டு நிதி என்றதும் துறைகள் பெரும்பாலும் 8-ஆம் பிரிவைக் காட்டும்: வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் தகவல், அயல்நாட்டு அரசு நம்பிக்கையின் பேரில் தந்த தகவல், வணிக இரகசியம் ஆகியவற்றை மறுக்க அது இடமளிக்கிறது. ஆனால் அதே பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, பொதுநலன் மேலோங்கினால் அவற்றையும் தரலாம் என்கிறது. 10-ஆம் பிரிவோ, மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கி எஞ்சியதைத் தரச் சொல்கிறது. எனவே மனுவில் விளக்கமோ கருத்தோ கேளாமல், புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் படி, நிலம் ஒப்படைத்த ஆணை, பயன்பாட்டுச் சான்றிதழ், பணம் விடுவித்த தேதி என ஆவணத்தின் பெயரைக் குறித்துக் கேட்பதும், மறுப்பு வந்தால் மேல்முறையீட்டில் இவ்விரு பிரிவுகளையும் எடுத்துக் காட்டுவதும் நல்லது. தகவல் மனு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அமைவது பாதுகாப்பு. பொதுவான புகார்க் கடிதங்களைப் பொறுத்தவரை, கேரளத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடன் தமிழிலேயே தொடர்புகொள்ள 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது, பலரும் அறியாத வசதி இது.

தொகுப்பு நிதியத்துக்குள் வந்த பணத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்கிறார். அவரது அறிக்கை 151-ஆம் பிரிவின்படி ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, வழக்கமாக எதிர்க்கட்சி உறுப்பினர் தலைமை தாங்கும் பொதுக் கணக்குக் குழுவுக்குச் செல்கிறது. செலவு முடிந்து ஆண்டுகள் கழித்தே அறிக்கை வருவது இதன் குறை.

உலக வங்கித் திட்டத்தால் நிலமோ பிழைப்போ பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. நர்மதை அணைத் திட்டத்தில் எழுந்த எதிர்ப்பின் விளைவுகளுள் ஒன்றாக 1993-இல் உருவான ஆய்வுக் குழுவிடம், பாதிக்கப்பட்ட இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து முறையிடலாம். அதற்கு முன் வங்கி நிர்வாகத்திடம் குறையைத் தெரிவித்திருக்க வேண்டும், திட்டம் முடிந்து 15 மாதத்துக்குள் மனு போக வேண்டும். வங்கி தன் விதிகளை மீறியதா என்று மட்டுமே அக்குழு பார்க்கும், ஊழலை அது விசாரிக்காது. அதற்கு வங்கியின் நேர்மைத் துறை தனியே இருக்கிறது. வடக்காஞ்சேரி போன்ற கொடைகளுக்கு உலக வங்கியின் இவ்விரு வழிகளும் பொருந்தா.