டெவலப்மென்ட்டுன்னா ஜாவா இல்ல பாஸ்!

"பி.இ. முடிச்சுட்டு டெவலப்மென்ட் படிக்கப் போறேன்"னு வீட்டுல சொல்லிப் பாருங்க. "ஜாவாவா, பைத்தானா?"ன்னு அண்ணன் கேட்பார். "அதை முடிச்சா எந்தக் கம்பெனியில எடுப்பாங்க?"ன்னு அப்பா கேட்பார். எங்க வீட்டுல ரெண்டுமே நடந்துச்சு!

நான் சொல்றது சர்வதேச வளர்ச்சி, தலைமைப் பண்பு பத்தின முதுகலைப் படிப்பு. சிவில் படிக்கிற எனக்கு எதுக்கு இது? காரணம் எங்க ஊர் மலை.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில திருவண்ணாமலை வ.உ.சி. நகர்ல மண் சரிஞ்சு, பாறை உருண்டு ஒரு வீட்டை மூடிடுச்சு. ஏழு பேர் போயிட்டாங்க. அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. ஈர மண் ஏன் சரியுதுன்னு எங்க புத்தகத்துல ஃபார்முலாவோட இருக்கு. ஆனா, மலையடிவாரத்துல ஏன் குடும்பங்கள் வீடு கட்டி வாழ வேண்டியிருக்கு? வேற எங்க போகச் சொல்றது, வேலையும் பள்ளிக்கூடமும் அங்கே கிடைக்குமா? இதுக்கு எங்க சிலபஸ்ல பாடம் இல்லீங்க. அந்தப் பாடம் இருக்கிற இடம்தான் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்.

பக்கத்து ஊர்க்காரர் போட்ட பாதை

இது ஏதோ வெள்ளைக்காரங்க படிப்புன்னு நினைக்காதீங்க. 1910-ல வேலூர்ல பிறந்தவர் மால்கம் ஆதிசேசையா. 1989 வரைக்கும் வேலூரும் நாமளும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தானே! லண்டன்ல பொருளாதாரம் படிச்சார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில பாடம் எடுத்தார். அப்புறம் யுனெஸ்கோவுல துணைத் தலைமை இயக்குநர் வரைக்கும் உயர்ந்தார். அங்கேயே செட்டில் ஆகல. திரும்பி வந்து, மனைவி எலிசபெத்தோட சேர்ந்து 1971-ல சென்னையில எம்.ஐ.டி.எஸ். என்ற வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், ராஜ்யசபா எம்.பி. உலகம் சுத்தினாலும் வேர் இங்கேதான்!

எங்கே படிக்கலாம்?

எந்த டிகிரி முடிச்சவங்களும் சேரலாம்கிறதுதான் இதுல பெரிய ப்ளஸ்.

* மும்பை டிஸ்: 1936-ல ஆரம்பிச்சது. முதுகலைக்கு சி.யு.இ.டி. பி.ஜி. தேர்வு எழுதணும்.
* பெங்களூர் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம்: ரெண்டு வருஷ எம்.ஏ. டெவலப்மென்ட். குடும்ப வருமானத்தைப் பார்த்து கட்டண உதவி உண்டு.
* குஜராத் ஆனந்த்ல இர்மா: வர்கீஸ் குரியன் 1979-ல தொடங்கினது. கிராம மேலாண்மைக்குப் பேர் போனது.
* திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம்: கிராம வளர்ச்சிப் படிப்புகள், நம்ம பட்ஜெட்டுக்குள்ள.

ஃபாரின் ஆசையா? இங்கிலாந்தின் சசெக்ஸ்ல ஐ.டி.எஸ். 1966-லேர்ந்து இதுக்குன்னே இருக்கு. செலவு கண்ணைக் கட்டும். அதனால செவனிங் ஸ்காலர்ஷிப்பைக் குறி வைங்க. ஒரு வருஷ முதுகலைக்கு ஃபீஸ், தங்கற செலவு, விமான டிக்கெட் எல்லாம் அவங்களே! ஆனா ரெண்டு வருஷ வேலை அனுபவம் வேணும். படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் சொந்த நாட்டுல இருக்கணும். விண்ணப்பம் வழக்கமா ஆகஸ்ட்ல திறந்து அக்டோபர்ல மூடிடும்.

லீடர்னா மைக்கா?

செவனிங் கட்டுரையில தலைமைப் பண்பு பத்தி கண்டிப்பா கேட்பாங்க. சிம்போசியத்துல மைக் பிடிச்சதை எழுதினா போதாது. பௌர்ணமி கிரிவலத்துல 14 கிலோமீட்டர் பாதையில குப்பை அள்ளப் போனீங்களா? நல்ல விஷயம். ஆனா அடுத்த பௌர்ணமிக்குக் குப்பை குறையணும்னு கடைக்காரங்க, அன்னதானம் போடறவங்க, மாநகராட்சி மூணு பேரையும் உட்கார வெச்சுப் பேசினீங்களா? அதுதாங்க லீடர்ஷிப்!

அப்பாவுக்கு என்ன பதில்?

தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், அரசுத் திட்டங்கள்ல வேலை இருக்கு. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். அங்கேயும் ஆள் தேவை. ஆனா முதல் சம்பளம் ஐ.டி. நண்பனைவிடக் குறைவா இருக்கலாம். வீட்டுல கல்விக்கடன் இருந்தா முதல்ல ரெண்டு வருஷம் வேலைக்குப் போங்க. கடனும் குறையும், செவனிங் கேட்கிற அனுபவமும் சேரும்.

அப்பாகிட்ட இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். "சரி"ன்னு சொல்லல. "அந்த மலையடிவாரத்து ஜனங்களுக்கு இதனால என்ன ஆகும்?"னு திருப்பிக் கேட்டார்.

அதைக் கத்துக்கத்தான் பாஸ் போறோம்!