கலைப் பிரிவிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு: சட்டம் வழிவிட்டது, வகுப்பறை எங்கே?

பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவர் சேரும் பாடப்பிரிவே அவர் மருத்துவராக முடியுமா என்பதை முடிவு செய்துவிடுகிறது. அந்தப் பிரிவை அவர் 'தேர்ந்தெடுக்கிறார்' என்று சொல்வதுகூடப் பல நேரங்களில் சரியன்று. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் அறிவியல் பிரிவு உண்டா, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துத் தலைமையாசிரியர் எந்தப் பிரிவுக்கு அனுப்புகிறார், வழிகாட்ட வீட்டில் படித்தவர் இருக்கிறாரா என்பவையே தீர்மானிக்கின்றன. இவ்வாறு கலைப் பிரிவுக்கும் தொழிற்கல்விப் பிரிவுக்கும் தள்ளப்படுகிற தலித் மாணவர், பின்னாளில் மருத்துவம் படிக்க விரும்பினால் சட்டம் என்ன சொல்கிறது?

1997ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிமுறைகள் அந்த வழியை அடைத்திருந்தன. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் இரண்டாண்டுகள் தொடர்ச்சியாக, செய்முறைப் பயிற்சியுடன் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களின் விண்ணப்பங்கள் இதன்படி தள்ளுபடியாயின. 2018 ஜனவரியில் திறந்தநிலைப் பள்ளியில் படித்தோருக்கும் தனித்தேர்வர்களுக்கும் வெளிப்படையான தடையே வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென அறிவித்தது.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பர் 22 அன்று வெளியிட்ட பொது அறிவிப்பு நிலைமையை மாற்றியது. அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பின்னர், தேவைப்படும் அறிவியல் பாடங்களைக் கூடுதல் பாடங்களாகப் படித்துத் தேறியவரும் நீட் தேர்வை எழுதலாம். நீட் தேர்வுக்கான உச்ச வயது வரம்பு 2022ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே தமிழ் இலக்கியமோ வரலாறோ பயிலும் கல்லூரி மாணவருக்கு இன்று சட்டத் தடை இல்லை. ஆங்கிலத்தில் அவர் முன்பே தேறியிருப்பார். எஞ்சியவை மூன்று பாடங்களே. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (என்.ஐ.ஓ.எஸ்.) அம்மூன்றையும் மட்டும் எடுத்துப் படிக்கலாம். அவற்றில் எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறைத் தேர்வும் உண்டு. அதன் பிறகு நீட்: 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். வினாக்களில் பாதி உயிரியலிலிருந்தும், மீதி இயற்பியல், வேதியியலிலிருந்து சமமாகவும் வரும்.

'கலைப் பிரிவில் படித்தவருக்கு மருத்துவம் வருமா?' என்ற ஏளனத்துக்கு அனுபவம் வேறு விடை தருகிறது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி, இலக்கியம், சமூக அறிவியல் போன்ற துறைகளின் மாணவர்களுக்கென 1987இல் தனிச் சேர்க்கைத் திட்டத்தைத் தொடங்கியது. வழக்கமான நுழைவுத் தேர்வு அவர்களுக்கு இல்லை. இயற்பியலும் கரிம வேதியியலும் கோடைக்காலச் சுருக்க வகுப்பில் கற்பிக்கப்பட்டன. அவர்கள் மருத்துவக் கல்வியில் மற்றவர்களுக்கு இணையாகவே விளங்கினர் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் பெயர்பெற்ற சில கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. ஆயினும் ஒன்று தெளிவு: அடிப்படை அறிவியலைப் பின்னரும் கற்க முடியும், கற்பிக்கும் ஏற்பாடு வேண்டும்.

நம்மிடம் இல்லாதது அந்த ஏற்பாடுதான். மூன்று பாடங்களைப் புதிதாகத் தொடங்கும் மாணவருக்கு ஆய்வகமும் ஆசிரியரும் ஓராண்டேனும் தேவை. அந்த ஆண்டுக்கான செலவை யார் ஏற்பது? பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நெறிமுறைகளில் நெடுங்காலமாக ஒரு விதி உண்டு: ஒரு கல்வி நிலையை முடித்தவர் அதே நிலையில் வேறு பாடத்தைப் படித்தால் உதவித்தொகை கிடையாது. இடைநிலைக் கலைப் பாடத்துக்குப் பின் இடைநிலை அறிவியல் பாடம் படிப்பதையே அவ்விதி எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. மருத்துவ ஆணையம் அனுமதிக்கும் பாதையில் உதவித்தொகை விதி குறுக்கே நிற்கிறது. பணமுள்ளவர் தனியார் பயிற்சி மையத்தில் சேர்ந்து மீண்டும் மீண்டும் நீட் எழுதுவார். அத்தகையோரின் பங்கு பெருகியதை நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு 2021இல் சுட்டிக்காட்டியது. கூலிக் குடும்பத்து மாணவருக்குப் புதிய அறிவிப்பு வெறும் தாளாகவே எஞ்சும்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும். முதலாவது, மேற்சொன்ன உதவித்தொகை விதியிலிருந்து இவ்வகை மாணவர்களுக்கு விலக்கு. இரண்டாவது, அரசுக் கலைக் கல்லூரிகளின் ஆய்வகங்களிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் ஓராண்டு அடிப்படை அறிவியல் வகுப்புகள். மூன்றாவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் கலைப் பிரிவு படித்துப் பின்னர் அறிவியல் தேறியவர்களுக்கும் இடம். பின்தங்கியோருக்குக் கைகொடுப்பதே 2020ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் நோக்கமாதலால், இவர்களையும் உள்ளடக்கி அதை வாசிப்பதே முறை.

இப்பாதையில் இறங்கும் மாணவர்கள் இரு மதிப்பெண் சான்றிதழ்களையும் செய்முறைத் தேர்வுச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். கலந்தாய்வில் எவரேனும் தகுதியில்லை என்றால், வாய்மொழி மறுப்போடு திரும்பிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாட அந்தத் தாள் பெரிதும் உதவும். கலந்தாய்வுச் சுற்றுகள் விரைந்து முடிந்துவிடும் என்பதால், அன்றைய தினமே வழக்கறிஞரை அணுகுங்கள்.